மறுநாடன் விட்டுச் சென்ற இடம்

வெளிமாநில மூத்தவர்களின் தோளேறி ரஞ்சி இறுதியாட்டம் வரை போனது கேரள கிரிக்கெட் அணி. அவர்கள் விடைபெற்ற பிறகு, சொந்தப் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானம். 2025 அக்டோபர் 15. ரஞ்சிக் கோப்பைப் பருவத்தின் முதல் நாள், முதல் ஒரு மணி நேரம். மகாராஷ்டிர அணி 5 ரன்களுக்கு 4 விக்கெட்டுகளை இழந்து தவிக்கிறது. கொஞ்ச நேரத்தில் 18 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள். கேரளத்தின் வேகப்பந்து வீச்சாளர் நிதீஷ் கொடிகட்டிப் பறக்கிறார். அப்போது ருதுராஜ் கெய்க்வாட்டுக்குத் துணையாக மட்டையோடு உள்ளே வருகிறார் 38 வயது ஆட்டக்காரர் ஒருவர். அந்த ஊருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முந்தைய பருவம் வரை அவர் கேரளத்தின் ஆள்தான்.

அவர் ஜலஜ் சக்சேனா. அன்று அவர் எடுத்தது 49 ரன்கள், கெய்க்வாட் எடுத்தது 91. மகாராஷ்டிரம் 239 வரை போனது. கேரளம் பதிலுக்கு ஆடியபோது 3 விக்கெட்டுகளையும் ஜலஜ் பறித்தார். கேரளம் 219 ரன்களுக்குச் சுருண்டது. ஆட்டம் டிராவில் முடிந்தாலும், 20 ரன் முன்னிலைக்கான 3 புள்ளிகள் மகாராஷ்டிரத்துக்குப் போயின.

இதில் துரோகக் கதை எதுவும் இல்லை. இந்தூர்க்காரரான ஜலஜ் 2016இல் மத்தியப் பிரதேசத்தை விட்டுக் கேரளத்துக்கு வந்தார். ஒன்பது பருவங்கள் கழித்து மகாராஷ்டிரத்துக்குப் போனார். ஒவ்வொரு மாநில அணியும் மூன்று வெளிமாநில ஆட்டக்காரர்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது கிரிக்கெட் வாரியத்தின் விதி. மலையாளப் பத்திரிகைகள் அவர்களை 'மறுநாடன்' ஆட்டக்காரர்கள் என்கின்றன. தமிழ்க் காதுக்கும் சட்டென்று விளங்குகிற அழகான சொல். அதை மொழிபெயர்த்துக் கெடுக்க மனம் வரவில்லை.

அந்த மறுநாடர்கள் இல்லாவிட்டால் கேரளம் என்ன ஆகியிருக்கும்? கேரளம் என்ற பெயரில் அந்த அணி ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கியது 1957இல். அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் சில ஆண்டுகள். அத்தனை காலமும் தென்மண்டலத்தில் சென்னையும் மைசூரும் ஐதராபாத்தும் வந்து அடித்துவிட்டுப் போகும் அணியாகவே அது இருந்தது. 2017-18இல்தான் இலங்கைக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த பயிற்சியாளர் டேவ் வாட்மோரின் கீழ் காலிறுதியை எட்டிப் பிடித்தது. மறு ஆண்டு அரையிறுதி. 2024-25இல் இறுதியாட்டம். இந்த ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும் ஜலஜின் கைரேகை இருக்கிறது.

2024-25 பருவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். ஜலஜோடு இன்னும் இருவர் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் ஆதித்ய சர்வாதே. நாகபுரிக்காரர், இடதுகை சுழல்பந்து வீச்சாளர், விதர்பா அணி இருமுறை ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அதில் இருந்தவர். மற்றவர் நம் சென்னையின் பாபா அபராஜித். 2012இல் இளையோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடியவர், தமிழ்நாட்டுக்குப் பல ஆண்டுகள் உழைத்தவர்.

முதல் ஆட்டம் ராக்கெட்டுக்குப் பெயர்போன தும்பாவில், செயின்ட் சேவியர் கல்லூரி மைதானத்தில், பஞ்சாபுக்கு எதிராக. முதல் இன்னிங்சில் சர்வாதேக்கு 5 விக்கெட்டுகள், ஜலஜுக்கு 5. இரண்டாவது இன்னிங்சில் சர்வாதேக்கு 4, அபராஜித்துக்கு 4, ஜலஜுக்கு 2. கூட்டிப் பாருங்கள். விழுந்த 20 விக்கெட்டுகளில் ஒன்றைக்கூட மலையாளி ஒருவர் எடுக்கவில்லை! கேரளம் 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஊர் கொண்டாடியது, கொண்டாடவேண்டிய வெற்றிதான். ஆனால் அந்த ஸ்கோர் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு யோசிக்கவேண்டியவர்களும் அதே ஊரில் இருந்தார்கள்.

அடுத்த மாதம் அதே மைதானத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக ஜலஜ் தன் 400ஆவது ரஞ்சி விக்கெட்டை எடுத்தார். ரஞ்சி வரலாற்றில் 6,000 ரன்களும் 400 விக்கெட்டுகளும் சேர்த்த முதல் ஆள் அவர். இந்திய அணியின் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை என்பது வேறு சோகம்.

பிப்ரவரியில் அகமதாபாத்தில் நடந்த அரையிறுதி இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கேரளம் 457. குஜராத் 455இல் நின்றது. கடைசி ஜோடியின் அர்சான் நாக்வஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் மோதி எகிறி, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபியின் கைக்குள் விழுந்தது. இரண்டே ரன் முன்னிலை. ஒரு ஹெல்மெட் ஒரு மாநிலத்தை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனது என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். அந்தப் பந்தை வீசியவர் சர்வாதே. குஜராத்தின் 10 விக்கெட்டுகளில் 8 அவருக்கும் ஜலஜுக்கும் ஆளுக்கு நான்காகப் போயின.

மட்டையடியில் நிலைமை வேறு. அதே ஆட்டத்தில் 177 ரன்களுடன் கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்றவர் காசர்கோட்டின் முகமது அசாருதீன். அதற்கு முன் காலிறுதியில் ஜம்மு காஷ்மீருக்கு எதிராகப் பத்தாவது விக்கெட்டுக்கு பாசில் தம்பியுடன் 81 ரன்கள் சேர்த்து, ஒரே ஒரு ரன் முன்னிலை பெற்றுத் தந்தவர் சல்மான் நிசார். இருவரும் உள்ளூர்க்காரர்கள். (அசாருதீனுக்கு அப்போது வயது 30, சல்மானுக்கு 27. இவர்களை இளைஞர் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்கலாம். கேரளம் தன் பிள்ளைகளைத் தாமதமாகத்தான் பெரியவர்களாக்குகிறது.) இறுதியாட்டத்தில் 19 வயது அகமது இம்ரானையும் இறக்கினார்கள். பையன் 37 ரன்கள் எடுத்தான். ஆறு மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள கிரிக்கெட் லீகில் சதமும் அடித்தான்.

ஆக, மூத்தவர்களோடு ஆடிய மட்டையாளர்கள் வளர்ந்திருக்கிறார்கள். சுழல்பந்து வீச்சாளர்கள் வளர்ந்ததாகத் தெரியவில்லை. ஏன்?

விடை ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மட்டையடி இருவர் சேர்ந்து செய்யும் வேலை. சச்சின் பேபியோ அபராஜித்தோ ஒரு முனையில் நின்றால், மறுமுனையில் நிற்கும் சின்னவனுக்கு அது பாடம். எந்தப் பந்தை விடுவது, எப்போது மூச்சு வாங்குவது என்று 22 கெஜ தூரத்தில் பார்த்துக் கற்கலாம். சுழலில் அப்படி இல்லை. ஒரு நாளில் வீசுவது 90 ஓவர்கள்தான். அதில் மூத்தவர் 30 வீசினால் அந்த 30 இளையவனுக்கு இல்லை. புள்ளி தேவைப்படும் கேப்டன், பந்து திரும்ப ஆரம்பித்ததும் ஜலஜைத்தான் கூப்பிடுவார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். இளையவன் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் பாட்டிலோடு ஓடுவான். அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பான்.

இது வெறும் பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, வயிற்றுப்பாடு. 2021இல் கிரிக்கெட் வாரியம் அறிவித்த ஊதியத்தின்படி, பதினொருவரில் இடம்பெறும் புதியவனுக்கு நாளொன்றுக்கு ரூ. 40,000. நான்கு நாள் ஆட்டத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். வெளியே உட்கார்ந்தால் அதில் பாதி. பட்டியலிலேயே பெயர் இல்லை என்றால் ஒன்றுமில்லை. மூன்று மறுநாடர்கள் போக, 14 மாவட்டங்களுக்கும் சேர்த்து மிஞ்சுவது எட்டு இடங்கள்.

மலப்புறம் மாவட்டம் பெரிந்தல்மண்ணையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகன் விக்னேஷ் புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுகையால் மணிக்கட்டைத் திருப்பி வீசும் அபூர்வ ரகம். 2024இல் கேரள லீகின் முதல் பருவத்தில் ஆலப்புழை அணிக்கு ஆடினார். மும்பை இந்தியன்ஸ் ரூ. 30 லட்சத்துக்கு அள்ளிக்கொண்டது. 2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில், சென்னை ரசிகர்களின் வாயை அடைத்து கெய்க்வாட், ஷிவம் துபே, தீபக் ஹூடா மூவரையும் வீழ்த்தினார். அந்த நாள் வரை கேரளத்தின் மூத்தோர் அணிக்காக அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. மறுநாடர்கள் இருந்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் நிற்கவேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் நின்றிருந்தார்கள் என்பது உண்மை.

மலையாள மண்ணுக்குச் சுழல் வராது என்பதும் இல்லை. திருவனந்தபுரத்துக்காரரான கே.என். அனந்தபத்மநாபன் லெக் ஸ்பின் வீசி முதல்தர ஆட்டங்களில் 344 விக்கெட்டுகள் எடுத்தவர். கும்ப்ளே காலத்தில் பிறந்ததுதான் அவர் செய்த குற்றம். மாநில அணியில் நீண்ட ஓவர்கள் வீசக் கிடைத்ததால் உருவானவர் அவர்.

இதே கணக்கு வேறு இடங்களிலும் சரியாக வருகிறது. கணினி விளையாட்டுகளையும் இப்போது விளையாட்டு என்றே ஏற்கவேண்டியிருக்கிறது. 2025இல் நமது நாடாளுமன்றமே அதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. அந்த உலகின் டெண்டுல்கர், தென்கொரியாவின் லீ சாங்-ஹியோக். 'ஃபேக்கர்' என்றால்தான் பையன்களுக்குத் தெரியும். 2013 முதல் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' ஆட்டத்தில் டி1 அணிக்கு ஆடிவருகிறார். 25 வயதில் கிழவன் என்று சொல்லும் அந்தத் துறையில், 2023 முதல் 2025 வரை தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களை அவருடைய அணி வென்றது. 2023இல் அவரோடு வென்ற நால்வரில் மூவர் அதே அணியின் பயிற்சிப் பட்டறையில் தயாரான இளசுகள். கவனிக்கவேண்டியது இது: அந்த ஆட்டத்தில் ஐந்து பேருக்கும் தனித்தனி இடம். ஃபேக்கரின் இடம் நடு. பட்டறையிலிருந்து மேலே வந்த மூவரின் இடங்கள் வேறு. நடுவிடத்துக்கு என்றே வளர்ந்த 'க்ளோசர்' என்ற பையனும் டி1இல் இருந்தான். சில காலம் ஃபேக்கருக்குப் பதிலாக இறங்கவும் செய்தான். 2022 பருவத்துக்கு வேறு அணிக்குப் போய்விட்டான்.

மூத்தவர் வாடையே இல்லாத அணியும் நம் நாட்டில் இருந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010இல் தொடங்கிய இளைஞர் அணி, இடையில் நின்று, 'இந்தியன் ஆரோஸ்' என்ற பெயரில் 2022 வரை ஐ-லீகில் ஆடியது. பெரும்பாலும் அடிவாங்கிப் பட்டியலின் அடியில் கிடந்தது. ஆனாலும் திருச்சூரின் கே.பி. ராகுல், மணிப்பூரின் சுரேஷ் சிங், ஜீக்சன் சிங் என்று இந்திய அணிக்கு ஆள் தந்தது. சம்மேளனத்தால் தோல்வியைத் தாங்க முடியும். புள்ளியை எண்ணி வாழும் மாநில அணியால் முடியாது.

அப்படியானால் வழி? கேரளத்தை நாகபுரி இறுதியாட்டத்தில் மறித்த விதர்பாவிடம் ஒரு விடை இருந்தது. 2017-18இல் முதல் கோப்பையை வென்றபோது அவர்களுடைய மூத்தவர் 39 வயது வாசிம் ஜாஃபர். மட்டையாளர். டெல்லிக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஹாட்ரிக் எடுத்தவர் உள்ளூர் இளைஞர் ரஜ்னீஷ் குர்பானி. 2024-25இலும் அவர்கள் வெளியிலிருந்து அழைத்தது கருண் நாயர், துருவ் ஷோரே என்று மட்டையாளர்களைத்தான். பந்து சொந்தப் பையன்களின் கையில். சர்வாதே கேரளத்துக்குப் போன பருவத்தில், அவரைப் போலவே இடதுகையால் சுழற்றும் 22 வயது ஹர்ஷ் துபே 69 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரே ரஞ்சிப் பருவத்தில் அதுவரை யாரும் அத்தனை எடுத்ததில்லை. இறுதியாட்டத்தில் 24 ரன்களுக்கு 3 விக்கெட்டுகள் விழுந்த நிலையில் 21 வயது தானிஷ் மாலேவாரைக் கூட வைத்துக்கொண்டு 215 ரன்கள் சேர்த்தார் கருண். மாலேவாருக்கு 153. சச்சின் பேபி 98இல் ஆட்டமிழந்தார். சொந்த ஊரில் கேரளத்துக்காக 79 ரன்கள் எடுத்து சர்வாதே போராடியும், 37 ரன் பின்தங்கியதில் கோப்பை போனது.

கருண் அதோடு விடவில்லை. சொந்த மாநிலமான கர்நாடகத்துக்குத் திரும்பி, 2025 நவம்பரில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மங்கலபுரம் மைதானத்தில் கேரளத்துக்கு எதிராக 233 ரன்கள் குவித்தார். கூடவே நின்ற 22 வயது ஸ்மரண் ஆட்டமிழக்காமல் 220. கர்நாடகம் 5 விக்கெட்டுக்கு 586 என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டது. ஜலஜும் சர்வாதேயும் இல்லாத கேரளப் பந்துவீச்சு எப்படி இருக்கும் என்பதை அந்த ஸ்கோர் சொன்னது. கேரளம் இன்னிங்ஸ் தோல்வி கண்டது.

மட்டையாளர்கள் விஷயத்தில் கேரளம் சரியாகவே செய்திருக்கிறது. 2025-26 பருவத்துக்கு அசாருதீனைக் கேப்டனாக்கியது. 36 வயது சச்சின் பேபி சாதாரண ஆட்டக்காரராக அணியில் தொடர்ந்தார். அபராஜித் துணைக் கேப்டன். இம்ரானுக்கும் பட்டியலில் இடம் கிடைத்தது. ஆனால் சர்வாதே சத்தீஸ்கருக்குப் போன பிறகு அந்த இடத்துக்குக் கேரளம் மீண்டும் எல்லைக்கு வெளியேதான் தேடியது. கிடைத்தவர் குவாலியரின் அங்கித் சர்மா, இடதுகை சுழல்பந்து வீச்சாளர், வயது 34.