ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து: பிரஷருக்கான கூட்டு மாத்திரையில் கவனம் தேவை



சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மூத்த தாயார் மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்திற்கு வந்தார்கள். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. ஸஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறது என்றார்கள். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

அவர்கள் கையில் இரண்டு மருந்துப் பைகள் இருந்தன. ஒன்று, சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கே கொண்டுவந்து தருவது. மற்றொன்று, கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தனியார் மருத்துவரிடம் காட்டி வாங்கிக் கொடுத்தது. இரண்டையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். அட்டைகளைத் திருப்பிப் படித்தோம். முதல் அட்டையில் 'ஆம்லோடிபின் 5 மி.கி.' என்றிருந்தது. இரண்டாவது அட்டையில் 'டெல்மிசார்டான் 40 மி.கி., ஆம்லோடிபின் 5 மி.கி.' என்றிருந்தது. நிறமும் பெயரும் வேறு. உள்ளே இருந்த மருந்தோ ஒன்றுதான். இரண்டையும் மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். அவர் முதல் மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் நம் பகுதியில் இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இவை போக ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தனியார் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வழிகள் அதிகம் இருப்பது நன்மையே. எல்லா வழிகளிலும் வரும் மாத்திரைகளை ஒருசேரப் பார்க்க ஒருவர் வேண்டும். அது வீட்டில் உள்ள நாம்தான்.

கூட்டு மாத்திரை எதற்கு?

டெல்மிசார்டான், இரத்தக் குழாயை இறுக்கும் ஒரு இயற்கைச் சுரப்பின் வேலையைத் தடுக்கிறது. ஆம்லோடிபின், குழாயின் சுவரைத் தளர்த்துகிறது. சில மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்ற நீர் மருந்து சேர்ந்திருக்கும்; அது அதிக உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பலருக்கு ஒரே மருந்தில் பிரஷர் அடங்குவதில்லை. ஒன்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதை விட, இரண்டைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும், பக்க விளைவு குறையும். ஒரே மாத்திரை என்பதால் மறப்பதும் குறையும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் இத்தகைய கூட்டு மாத்திரைகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எனவே கூட்டு மாத்திரை என்றதும் 'நோய் முற்றிவிட்டது' என்று பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

1. கடைப் பெயரைப் பார்க்காமல், அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயர்களையும் மி.கி. அளவையும் படியுங்கள். பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்றிருந்தால் பெரும்பாலும் ஆம்லோடிபின், 'எச்' என்றிருந்தால் நீர் மருந்து சேர்ந்தது. முதல் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்காதீர்கள்.

2. ஒரே மருந்து இரண்டு அட்டைகளில் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லாமல் டெல்மிசார்டான் தொடங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்.

3. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டான் கூடாது. கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். குழந்தையை எதிர்பார்க்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். மாத்திரை சாப்பிடும்போதே கரு தரித்தது தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

4. ஷிப்டு முடிந்து கால் வலி, இடுப்பு வலி என்று டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடும் பழக்கம் நம் இளைஞர்களிடம் உண்டு. இவை பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டானோடும் நீர் மருந்தோடும் சேர்ந்தால் சிறுநீரகத்திற்கு ஆபத்து.

5. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் உண்டு. டெல்மிசார்டான் சாப்பிடுபவர்கள், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின், பொட்டாசியம் இரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

6. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள். உதடு, முகம் வீங்கினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

7. ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றே நினைவு வரும்போது சாப்பிடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. கேட்காமல் மாத்திரையை உடைத்துப் பாதியாக்கவும் வேண்டாம்.

8. பிரஷர் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அது சரியாக இருப்பதே மாத்திரையால்தான். பெரும்பாலானோருக்கு 140/90க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் இன்னும் குறைத்துச் சொல்லலாம்.

நோன்பு காலத்தில்

இவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளுக்கு ஒரு வேளை மாத்திரைகள். அதனால் பிரஷர் கட்டுப்பாட்டில் உள்ள பலர் நோன்பு வைக்க முடிகிறது. ஸஹரிலா, இஃப்தாரிலா எப்போது சாப்பிடுவது என்பதை ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நீர் மருந்து சேர்ந்திருந்தால் பகலில் நீரிழப்பு கூடும் என்பதால் இது மிக அவசியம். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் மனம் வருந்த வேண்டாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு வைப்பது நம்மை நாமே ஆபத்தில் தள்ளுவதாகும்.

ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, வாய் கோணி பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

நாம் கேட்பது ஒன்றுதான். இந்த வாரமே உங்கள் தாய், தந்தையரின் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவையுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும், சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கு வந்தாலும், அந்தப் பையை முழுதாகக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்திற்குக் கொண்டுவந்தால் மருந்துப் பெயர்களைத் தாளில் எழுதித் தருகிறோம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். உடல்நலம் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதைப் பேணி நடக்க அவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.