காதுக்குள்ளிருந்து வரும் ஒலி

பிறந்து ஓரிரு நாளேயான குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தூங்கும் குழந்தையின் காதுத் துளையில் சின்ன அடைப்பான் ஒன்றை வைப்பார்கள். அதில் குட்டி ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும். ‘டிக்’ என்று மெல்லிய ஒலி உள்ளே போகும். சில மில்லி விநாடிகள் கழித்து, அதைவிட மிக மெல்லிய ஒலி ஒன்று காதுக்குள்ளிருந்து வெளியே வரும். அது சுவரில் பட்டுத் திரும்பும் வெறும் எதிரொலி அல்ல, குழந்தையின் உட்செவியே உண்டாக்கியது. ஒலியை வாங்க வேண்டிய உறுப்பு எதற்காக ஒலி எழுப்புகிறது?

ஒலி போகும் வழியை முதலில் பார்த்துவிடலாம். செவிப்பறை அதிர்ந்தால் சுத்தி, பட்டை, அங்கவடி என்ற மூன்று எலும்புகளும் சேர்ந்து அசைகின்றன. அங்கவடியின் பாதம் உட்செவியின் வாசலில் பொருந்தியிருக்கிறது. செவிப்பறையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு மிகச் சிறியது. பெரிய பரப்பில் விழுந்த விசை சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் இல்லாவிட்டால், காற்றில் வந்த அதிர்வில் பெரும்பகுதி உள்ளேயிருக்கும் திரவத்துக்குள் இறங்காமல் திரும்பிவிடும்.

வாசலுக்கு அப்பால் இருப்பது காக்ளியா. சுமார் இரண்டரைச் சுற்று சுருண்ட எலும்புக் குழல் அது. அதன் நெடுக ஓடும் பேசிலார் சவ்வை நீட்டிவைத்தால் மனிதர்களில் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் இருக்கும். வாசல் பக்கம் அது குறுகலாக, விறைப்பாக இருக்கும்; உச்சிக்குப் போகப்போக அகன்று தளரும். அங்கவடி தள்ளியதும் சவ்வில் ஓர் அலை கிளம்பி உச்சியை நோக்கி ஓடுகிறது. கீச்சென்ற ஒலியின் அலை வாசலருகிலேயே எழும்பி அடங்கிவிடும். கனத்த ஒலியின் அலை உச்சிவரை போகும். சவ்வில் எந்த இடம் அதிகம் ஆடியது என்பதைக் கொண்டுதான் மூளை சுருதியைப் பெரும்பாலும் பிரித்தறிகிறது.

இந்த அலையைக் கண்ணால் கண்டவர் ஹங்கேரியின் கியார்க் ஃபான் பெக்கஷி. புடாபெஸ்டில் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இறந்தவர்களின் காக்ளியாவைத் திறந்து, உள்ளே வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தார். 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் கண்ட அலை அகலமாகப் பரவியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு சுருதிகளை நம் காது எளிதாகப் பிரித்துவிடுகிறதே, அந்தக் கூர்மை அதில் இல்லை.

தாமஸ் கோல்ட் என்ற இளைஞர் 1948இலேயே வேறு மாதிரி யோசித்திருந்தார். திரவத்துக்குள் ஆடும் எதுவும் உராய்வால் சீக்கிரம் அடங்கிவிடும். அப்படியிருந்தும் காது கூர்மையாகக் கேட்கிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று சக்தி கொடுத்து அந்த ஆட்டத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்றார். அது உண்மையென்றால் காது தானாகவே ஒலி எழுப்பவும் கூடும் என்று கணித்தார். மைக் வைத்துத் தேடியும் பார்த்தார், கிடைக்கவில்லை. காது ஆராய்ச்சியின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தத் துணிச்சல்தான். பிற்காலத்தில் அவர் வானியலாளராகப் புகழ்பெற்றார். காதைப் பற்றி அவர் சொன்னதை நெடுநாள் யாரும் பொருட்படுத்தவில்லை.

1971இல் அமெரிக்காவில் வில்லியம் ரோட், உயிருள்ள குரங்கின் காக்ளியாவை அளந்தார். மெல்லிய ஒலிக்குச் சவ்வு எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஆடியது. ஒலி கூடக்கூட ஆட்டம் அதே விகிதத்தில் கூடவில்லை. குரங்கு இறந்ததும் இந்தக் குணம் மறைந்துபோனது. பெக்கஷி கண்டதில் தவறில்லை, ஆனால் அது உயிர் போன காது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், கோல்ட் தேடிய ஒலியையே மைக்கில் பிடித்துவிட்டார்.

ஒலியை எழுப்புவது எது? பேசிலார் சவ்வின் மேல் ரோமச் செல்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. உள்வரிசை ஒன்று, சுமார் 3,500 செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் இவைதான். வெளிப்பக்கம் மூன்று வரிசை, சுமார் 12,000 செல்கள். சவ்வு ஆடும்போது இவற்றின் உச்சியிலுள்ள நுண்ரோமங்கள் சாய்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள இழைகள் இழுபட்டு, நுண்துளைகள் திறந்து, பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. மாறியதும் வெளிப்பக்கச் செல் சுருங்கும், அடுத்த கணம் நீளும். 1985இல் வில்லியம் பிரவுனெல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். பிறகு ஜோனதன் ஆஷ்மோர், ஒரு பாட்டின் மின்சமிக்ஞையைத் தனிச் செல் ஒன்றுக்குள் செலுத்த, அது பாட்டுக்கேற்ப நீண்டும் குறுகியும் ஆடியதைப் படமெடுத்தார். இந்த அசைவைச் செய்யும் புரதம் பிரெஸ்டின். 2000இல் அது அடையாளம் காணப்பட்டது.

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல, ஒவ்வோர் அதிர்விலும் இச்செல்கள் சவ்வை உந்திக்கொடுக்கின்றன. கேட்டும் கேளாத ஒலிக்கு இந்த உந்துதல் நூறு மடங்குக்கும் மேல் உதவும். உரத்த ஒலிக்கு அவ்வளவாக உதவாது. உந்துதலில் ஒரு துளி வந்த வழியே திரும்பி, அங்கவடியையும் செவிப்பறையையும் அசைத்து வெளியேறுகிறது. குழந்தையின் காதில் மைக் பிடிப்பது அதைத்தான். (நரம்பிலுள்ள கோளாறை இது காட்டாது. அதற்கு ‘பெரா’ என்ற வேறு சோதனை உண்டு.)

பேரிரைச்சலும் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும் முதலில் தாக்குவது இந்த வெளிப்பக்கச் செல்களைத்தான். பறவைகளுக்கு ரோமச் செல்கள் மீண்டும் முளைக்கும். நமக்குப் போனது போனதுதான். காது மந்தமான பெரியவர் “கேக்கல, சத்தமா சொல்லு” என்கிறார். குரலை உயர்த்தினால் “ஏன் இப்படிக் கத்துற?” என்று கோபித்துக்கொள்கிறார். இதில் வீம்பு எதுவும் இல்லை. உந்திவிடும் செல்கள் போனதால் மெல்லிய ஒலி அவருக்கு எட்டவில்லை. உரத்த ஒலிக்கு அந்த உதவி தேவையே இல்லாததால், அது பழைய வலிமையோடு போய் அறைகிறது.

அதனால்தான் நல்ல காது மெஷின்கள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குகின்றன. ஆனால் போன கூர்மையை மெஷினால் முழுதாகத் திருப்பித்தர முடியாது. கல்யாண மண்டபத்து இரைச்சலில் மெஷின் போட்டிருந்தும் அவர் தடுமாறினால், பக்கத்தில் போய், முகம் தெரிய நின்று, வழக்கமான குரலில் நிதானமாகப் பேசுங்கள்.