கட்டடக்கலை மாணவருக்கு எந்தக் கணினி?

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ போய், "ஆர்க்கிடெக்சர் படிக்கிற பொண்ணுக்கு ஒரு சிஸ்டம் வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். முதல் வரியில் பிராசஸர் பெயர் பெரிதாக இருக்கும். கண்ணாடிக் கேபினெட், வண்ண விளக்கு எல்லாம் அடுத்தடுத்து வரும். கிராபிக்ஸ் கார்டின் மெமரி எவ்வளவு, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் எந்த நிறுவனத்துடையது என்ற விவரங்களைக் கடைசி வரிகளில் தேட வேண்டியிருக்கும். ஆனால் இரவு முழுக்க ரெண்டர் ஓட்டும் கணினியின் தலையெழுத்து அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கிறது.

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. முதல் செமஸ்டரில் வாங்கிய கணினியே பத்தாவது செமஸ்டரின் தீசிஸ் வரை உழைக்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள். அது நடக்கக் கூடியதுதான். அதற்கு ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இரண்டு வேலைகள்

வடிவமைப்பு மாணவரின் கணினி முற்றிலும் வேறுபட்ட இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று வரைவது, மற்றொன்று ரெண்டர் செய்வது, அதாவது வரைந்த மாடலை ஒளியும் நிழலுமாகப் படமாக்குவது.

ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப் போன்றவற்றில் வரையும்போது ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்க முடியும். சுவரை நகர்த்தினால் அதிலுள்ள ஜன்னல் நகர வேண்டும், பிறகு அளவுக்கோடு மாற வேண்டும். மாவு அரைத்த பிறகுதானே இட்லி ஊற்ற முடியும்? அதனால் இந்த வேலையின் பெரும்பகுதி பிராசஸரின் ஒரே ஒரு கோர் (கணக்கிடும் அலகு) மீது விழுகிறது. பதினாறு கோர் இருந்தாலும் பதினைந்து வேடிக்கை பார்க்கும். இங்கே தேவை ஒவ்வொரு கோரின் வேகம்.

ரெண்டர் கல்யாணப் பந்தி மாதிரி. பத்துப் பேர் பரிமாறினால் ஒருவர் பரிமாறுவதைவிடப் பத்து மடங்கு சீக்கிரம் முடியும், ஏனென்றால் ஒவ்வொரு இலையும் தனித்தனி. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தனியாகக் கணக்கிடலாம் என்பதால் எத்தனை கோர் கொடுத்தாலும் ரெண்டர் பயன்படுத்திக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டில் இத்தகைய சிறிய கோர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரெண்டரிங் அந்தப் பக்கம் நகர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

ரெண்டர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

ஒரு வரவேற்பறையை ரெண்டர் செய்யும்போது ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் தரையில் பட்டு, சுவருக்குத் தெறித்து, கூரையைத் தொட்டுத் திரும்பும் பாதைகளைக் கணினி கணக்கிடுகிறது. ஒரு புள்ளிக்கு ஒரு பாதை போதாது. நூற்றுக்கணக்கில் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பாதைகள் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போன்ற பொரி தெரியும். அந்தப் பொரியைப் பாதியாக்க நான்கு மடங்கு பாதைகள் தேவை. கடைசி நேரத்தில் "கொஞ்சம் கிளீனா வரட்டும்" என்று அமைப்பை ஏற்றும் மாணவர் விடியும்வரை காத்திருப்பது இதனால்தான். பொரியை நீக்கும் டீநாய்ஸர் வசதி இப்போது பல மென்பொருள்களில் இருப்பதால் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது.

இப்போது புள்ளிகளை எண்ணுவோம். ஃபுல் எச்டி படத்தில் 20,73,600 புள்ளிகள். 4கே படத்தில் சரியாக அதன் நான்கு மடங்கு. ஆசிரியர் குழு முன் வடிவமைப்பை வைக்கும் ஜூரிக்கு ஏ1 தாளில் ஒரு படத்தை முழுப் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற கணக்கில் அச்சிட வேண்டுமானால் சுமார் 1 கோடியே 74 லட்சம் புள்ளிகள் வேண்டும். கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பது போன்ற 30 விநாடி வாக்த்ரூ வீடியோவுக்கு, விநாடிக்கு 24 படம் வீதம், 720 படங்கள். ஒரு படத்துக்கு 3 நிமிடம் என்றால் மொத்தம் 36 மணி நேரம். ஒன்றரை நாள் நிறுத்தாமல் ஓட வேண்டிய இயந்திரத்தைத்தான் நாம் வாங்கப்போகிறோம்.

கிராபிக்ஸ் கார்டு: மெமரியைப் பாருங்கள்

ரெண்டர் மென்பொருள்களில் லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் மூன்றும் கிராபிக்ஸ் கார்டை நம்பியே ஓடுபவை. பிளெண்டரின் சைக்கிள்ஸும் வி-ரேயும் பிராசஸரிலும் ஓடும், கார்டிலும் ஓடும். கொரோனா என்ற மென்பொருள் மட்டும் பிராசஸரிலேயே ரெண்டர் செய்கிறது. கல்லூரியில் எது புழக்கத்தில் இருக்கிறது என்று சீனியர்களைக் கேட்ட பிறகே பணத்தை எங்கே போடுவது என முடிவெடுங்கள்.

கார்டில் வேகத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது அதன் சொந்த மெமரி. மாடல், மரம் செடிகள், தரை டைல்ஸின் படங்கள் எல்லாம் அந்த மெமரிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் சில மென்பொருள்கள் கணினியின் ரேமில் இடம் கடன் வாங்கும், வேகம் படுத்துவிடும். சில பாதியிலேயே நின்றுவிடும். வேகம் குறைந்த கார்டு அரை மணி தாமதமாகவாவது படத்தைத் தரும். மெமரி போதாத கார்டில் படமே வராமல் போகலாம்.

ஓர் உதாரணம்: 2021-ல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் முதல் வடிவத்தில் 12 ஜிபி மெமரி. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ல் 8 ஜிபிதான். புதியது வேகமானது, மின்சாரமும் குறைவாக எடுக்கும். ஆனால் மரங்கள் நிறைந்த ஒரு வளாகத்தின் மாடலைத் திறந்தால் பழையதில் இடம் மிச்சமிருக்கும். 4060 டிஐ, 5060 டிஐ இரண்டிலும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகை உண்டு. பெயர் ஒன்றுதான், பெட்டியில் அச்சிட்ட எண் வேறு. வடிவமைப்பு மாணவருக்கு 12 ஜிபி நல்லது, முடிந்தால் 16.

ரெண்டருக்கு என்விடியாவையே பலரும் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பல ரெண்டர் மென்பொருள்கள் அந்த நிறுவனத்தின் கூடா, ஆப்டிக்ஸ் ஆகிய தொழில்நுட்பங்களை அடித்தளமாக வைத்து வளர்ந்தவை. ஏஎம்டி கார்டிலும் பிளெண்டர் நன்றாக ஓடும். உங்கள் மென்பொருள் அதை ஏற்கிறதா என்று உறுதிசெய்த பிறகு வாங்குங்கள்.

பிராசஸரும் மதர்போர்டும்

வரைவதற்கு வேகமான கோர், ரெண்டருக்கு நிறைய கோர். இரண்டுக்கும் நடுவில் மாணவருக்குப் பொருந்துவது 6 முதல் 8 கோர். ஏஎம்டி ரைசன் 7 7700-ஐ எடுத்துக்கொண்டால் அதில் 8 கோர், 16 த்ரெட்; மின் அளவு 65 வாட். கொரோனாவில் வேலை செய்பவர் மட்டும் 12 கோர் அல்லது அதற்கு மேல் யோசிக்கலாம்.

இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை என்று பொருள். விலை கொஞ்சம் குறையும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போகும் வாரங்களில் திரையில் எதுவும் வராது, ஆட்டோகேட் வரைவதுகூட நின்றுபோகும். சப்மிஷன் வாரத்தில் அந்தச் சிறு சேமிப்பு பெரிய இழப்பாகிவிடும்.

மதர்போர்டில் ஆடம்பரம் தேவையில்லை. நடுத்தர வகை, நான்கு ரேம் ஸ்லாட், இரண்டு எம்.2 ஸ்லாட் இருந்தால் போதும். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைக் கவனியுங்கள்: ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. அதே போர்டில் பின்னால் வந்த பிராசஸர்களையும் பொருத்த முடிகிறது. மூன்றாம் ஆண்டில் பிராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு இது உதவும்.

ரேமும் எஸ்எஸ்டியும்

ரெவிட் ஒரு பக்கம், ஃபோட்டோஷாப் ஒரு பக்கம், பிரவுசரில் இருபது டேப். 16 ஜிபி ரேம் இதற்குத் திணறும். 32 ஜிபி வாங்குங்கள். ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 16 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போட்டால் இரண்டு பாதையில் தகவல் ஓடும். டிடிஆர்5 ரேமில் நான்கு ஸ்டிக் போட்டால் வேகம் குறைவது வழக்கம் என்பதால், 64 ஜிபி தேவைப்படும் என்று இப்போதே தெரிந்தால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குவதே சரி.

அசெம்பிள் செய்து வந்த கணினிகள் பலவற்றில் ரேம் தன் முழு வேகத்தில் ஓடுவதில்லை. பயாஸில் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும். கடைக்காரரிடமே செய்து தரச் சொல்லுங்கள்.

சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சுமார் 150 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ சுமார் 3,500 எம்பி வரை படிக்கும். அதற்கு மேல் வேகமானவற்றால் மாணவரின் அன்றாட வேலையில் பெரிய மாற்றம் தெரியாது. மிச்சப் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மின்சாரமும் வெப்பமும்

65 வாட் என்று குறித்த ரைசன் 7 7700 பிராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும். 16 ஜிபி மெமரியுள்ள 5060 டிஐ கார்டு 180 வாட். மற்றவற்றையும் சேர்த்தால் சுமார் 340 வாட். இதற்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். பாதிச் சுமையில் அமைதியாக ஓடும், பின்னாளில் பெரிய கார்டுக்கும் இடம் இருக்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். அது போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரச் சிக்கனத்தை மட்டும் சொல்கிறது. தரத்துக்கு நிறுவனத்தின் பெயரையும் வாரண்டி ஆண்டுகளையும் பாருங்கள்.

வீடுகளில் கணினிக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்தால் அந்த எல்லை தாண்டிவிடும். கரண்ட் போன அடுத்த நொடி கணினியும் அணையும். 1000 விஏ வாங்குங்கள். அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். ஃபைலைச் சேமித்து முறையாக நிறுத்த அந்த நேரம் போதும். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

ரைசன் 7000 வரிசை பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர் மே மாதத்தில் அறையின் காற்றே 35 டிகிரியைத் தாண்டுகிறது. அதனால் முன்பக்கம் வலை போட்ட கேபினெட், உள்ளே காற்றை இழுக்க இரண்டு விசிறி, வெளியே தள்ள ஒன்று என்று அமைத்துக்கொள்ளுங்கள். மேஜைக்குள் இருக்கும் மூடிய அலமாரியில் கணினியை வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

மானிட்டர்

ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் கிட்டத்தட்ட முழுவதையும் காட்டும் திறன். இந்த இரண்டும் இருந்தால் திரையில் பார்த்த செங்கல் நிறம் அச்சில் ஏமாற்றுவது குறையும். 24 அங்குலத்துக்கு ஃபுல் எச்டி, 27 அங்குலத்துக்கு 1440 பி. ஒயரைக் கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யலே" என்று கடைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

லேப்டாப் வேண்டாமா?

விடுதியில் தங்கி, தினமும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போகும் மாணவருக்கு லேப்டாப்தான் வழி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை, நிறுவனங்கள் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கலாம். பெயர் ஒன்றே, வேகம் வேறு. வாட் அளவைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து கல்லூரி போய்வருபவருக்கு அதே பணத்தில் டெஸ்க்டாப் அதிக வேகம் தரும், பழுதான பாகத்தை மட்டும் மாற்றவும் முடியும். மேக் பிடிக்கும் என்றால், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லூமியன் மூன்றும் விண்டோஸில் ஓடும்படியே வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

நூறு ரூபாய்க் கணக்கு

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் பங்காகச் சொல்கிறேன். மானிட்டரும் யுபிஎஸ்ஸும் தவிர்த்த பட்ஜெட்டை 100 ரூபாய் என்று வைத்தால், கிராபிக்ஸ் கார்டுக்கு 35, பிராசஸருக்கு 18, ரேமுக்கு 14, மதர்போர்டுக்கு 12, எஸ்எஸ்டிக்கு 9, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 7, கேபினெட்டுக்கும் விசிறிகளுக்கும் 5. பணம் போதாவிட்டால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள். கார்டின் மெமரியிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இறங்காதீர்கள்.

பல கல்லூரிகளில் முதலாண்டு பெரும்பாலும் டிராயிங் போர்டிலும் கையால் செய்யும் மாடலிலுமே போகிறது. ஆகவே சேர்ந்த வாரமே அவசரப்பட வேண்டாம். எல்லா மென்பொருளுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டியதில்லை: ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்குத் தன் மென்பொருள்களை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமத்தில் இலவசமாகத் தருகிறது, பிளெண்டர் எல்லோருக்குமே இலவசம்.

கடைக்குப் போகும் முன் மூன்று வரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கல்லூரியில் பயன்படுத்தும் மென்பொருள்கள், கார்டின் மெமரி, எஸ்எம்பிஎஸ்ஸின் பெயர். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். கணினியை எடுத்து வரும் முன் உங்கள் பிள்ளையின் ஃபைல் ஒன்றையே கடையில் ஒரு மணி நேரம் ரெண்டர் ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் அது அணையாமல், சூட்டில் தளராமல் ஓடி முடித்தால் பணத்தைக் கொடுங்கள்.