யாக்கோபின் பயணமும் நம் பெற்றோரின் பயணமும்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம், ஜூலை 2021)



2021 ஜூலை 5ஆம் நாள் முதல் நம் மாநிலத்தில் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவையில்லை என்றானது. பேருந்துகள் ஓடுகின்றன. மூடிக் கிடந்த ஆலயங்களும் மக்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. பீடத்தில் நின்று பார்க்கும்போது பழைய முகங்களைக் காண்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முன்வரிசையில் சில இடங்கள் காலியாக இருக்கின்றன. சிலர் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள். வேறு சிலரைப் பிள்ளைகள் வந்து தங்களோடு அழைத்துச் சென்றுவிட்டார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றித்தான் இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கில் எழுபது வயதைக் கடந்த ஒரு தாய் இருந்தார். கணவரை நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு, தனியே வாழ்ந்து வந்தவர். கடந்த ஆண்டு செப்டம்பரில் முதல் ஊரடங்கு தளர்ந்ததும் சென்னையிலிருந்து மகன் வந்தார். "சாமி, அம்மாவை இனித் தனியா விட முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நல்ல பிள்ளைதான்; பயத்தில் வந்த அன்பு அது. நானும் அந்தத் தாயிடம், "பிள்ளை ஆசையாக் கூப்பிடுறார், போயிட்டு வாங்கம்மா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. இரண்டே மாதத்தில் வீடு விற்கப்பட்டது.

இம்மாதம் கணவரின் நினைவுத் திருப்பலிக்குப் பேரனோடு பேருந்தில் வந்திருந்தார். பூசை முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "மகனும் மருமகளும் என்னைத் தங்கமாத்தான் பாத்துக்கிறாங்க சாமி. ஆனா, போறியான்னு என்னை யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

அந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. அன்று இரவு தொடக்கநூலைத் திறந்து யாக்கோபின் பயணத்தை மறுபடியும் வாசித்தேன்.

யாக்கோபுக்கு அப்போது 130 வயது. நாட்டில் பஞ்சம். எகிப்தில் உயர்ந்த நிலையில் இருந்த மகன் யோசேப்பு, தந்தையை அழைத்து வர வண்டிகளையும் வழிக்கு உணவையும் அனுப்புகிறார். யாக்கோபு முதலில் நம்பவில்லை. பிறகு, சாவதற்கு முன் மகனைப் பார்த்துவிட வேண்டும் என்று தாமே முடிவு செய்கிறார். முடிவு அவருடையது. இது முதல் பாடம்.

பொருள்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எகிப்தில் எல்லாம் கிடைக்கும் என்று பார்வோன் சொல்லி அனுப்பியிருந்தான். ஆனாலும் யாக்கோபின் குடும்பம் தங்கள் ஆடு மாடுகளையும், கானான் நாட்டில் சேர்த்த பொருள்களையும் உடன் கொண்டு போனது. "அங்கே எல்லாம் இருக்கும்மா, அந்தப் பழைய அண்டா எதுக்கு?" என்று கேட்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அண்டா வெறும் பித்தளை அல்ல. இது இரண்டாம் பாடம்.

வழியில் பெயேர்செபாவில் யாக்கோபு நின்று பலி செலுத்துகிறார். அன்றிரவு ஆண்டவர் அவரோடு பேசி, எகிப்துக்குப் போக அஞ்ச வேண்டாம் என்கிறார். அப்படியானால் அவருக்கு அச்சம் இருந்திருக்கிறது! குலத்தந்தைக்கே இருந்த அச்சம் நம் பெற்றோருக்கு இருக்கக் கூடாதா? வீட்டை விட்டுப் புறப்படும் முன் அவர்கள் ஆலயத்தில் அமர்ந்து அழுவதற்கும், கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவதற்கும் நாம் நேரம் தர வேண்டும். இது மூன்றாம் பாடம்.

எகிப்தில் யோசேப்பு தந்தையை அரண்மனையில் வைத்துக்கொள்ளவில்லை. மந்தை மேய்க்க ஏற்ற கோசேன் பகுதியில் குடியமர்த்தினார். மகனுக்கு அருகில், ஆனால் தமக்குத் தெரிந்த வாழ்க்கையோடு, யாக்கோபு 17 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். இறுதியில், தம்மை மூதாதையரின் கல்லறையிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று யோசேப்பிடம் உறுதி பெற்றுக்கொண்டார். இந்தக் கேள்வியை நாமும் தயங்காமல் கேட்க வேண்டும். பல பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, இதை இன்றைய நம் சூழ்நிலையில் எப்படிச் செயல்படுத்துவது?

முதலாவது, பெற்றோரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. ஊரடங்கு தளர்ந்துவிட்டது, நோய் போய்விடவில்லை. காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முகக்கவசம் அணியுங்கள். அடைத்த அறையில் கூடுவதைவிடத் திண்ணையில், காற்றோட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பெற்றோர் இரண்டு தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். 2021 ஜூலையில் இருந்த விதிப்படி, கோவிஷீல்டு என்றால் இரண்டு ஊசிக்கும் இடையே 12 முதல் 16 வாரங்கள். கோவாக்சின் என்றால் அப்போது 4 முதல் 6 வாரங்கள். இடையில் ஊர் மாறினால், முதல் ஊசிக்குக் கொடுத்த அதே செல்போன் எண்ணைக் கொண்டு, அதே வகை ஊசியைப் புதிய ஊரில் அப்போது போட்டுக்கொள்ள முடிந்தது.

இரண்டாவது, பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணுகிறவர்களுக்கு. "வர்றீங்களா?" என்று கேளுங்கள். கேட்டபின், பதிலுக்குக் காத்திருங்கள். முதலில் ஒன்றிரண்டு மாதம் வந்து இருந்து பார்க்கட்டும். அதுவரை வீட்டைப் பூட்டி வையுங்கள்; விற்க அவசரப்பட வேண்டாம். திரும்பி வர ஒரு கதவு உண்டு என்ற எண்ணமே அவர்களுக்குத் தூக்கம் தரும்.

புதிய வீட்டில் முதியவர்கள் இரவில், கழிப்பறைக்குப் போகும் வழியில் கீழே விழக்கூடும். அங்கே சிறு விளக்கு ஒன்று எரியட்டும். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கட்டும். மாத்திரைச் சீட்டையும் மருத்துவக் குறிப்புகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். ஞாபக மறதி உள்ளவர்களுக்கு இடமாற்றம் குழப்பத்தைக் கூட்டும். அவர்களுடைய கட்டில், செபமாலை, திருப்படம் ஆகியவை கண்ணில் படும்படி இருக்கட்டும். ரேஷன் அரிசிக்காக யாரும் ஊரில் தங்க வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் நடைமுறையில் உள்ளது. அருகிலுள்ள ஆலயம் எது, திருப்பலி நேரம் என்ன என்று விசாரித்து, அங்குள்ள பங்குத்தந்தைக்கும் அன்பியத்தாருக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

மூன்றாவது, பெற்றோர்களே, உங்களுக்கு. உங்கள் மனதில் இருப்பதை வாய் திறந்து சொல்லுங்கள். பிள்ளைகள் தவறாக நினைப்பார்களோ என்று மௌனமாக இருக்காதீர்கள். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதானால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி உண்டு. அப்படி எழுதுவதால் பாசம் குறைந்துவிடாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் அறிவித்தபடி, புனித சுவக்கின், அன்னா விழாவை ஒட்டி, 2021 ஜூலை 25 ஞாயிறன்று முதலாவது உலகத் தாத்தா பாட்டியர், முதியோர் நாள் கொண்டாடப்பட்டது. அன்று முதியவர் ஒருவரை நேரில் சந்தித்தோ, போக முடியாதவர்கள் தொலைபேசி, காணொளி வழியாகவோ நேரம் செலவிடுவோர், வழக்கமான நிபந்தனைகளுடன் பரிபூரண பலன் பெறலாம் என்று திருஅவை அப்போது அறிவித்தது.

அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க சாமி. நான் செத்தா என்னை இங்கே கொண்டு வரணும்னு மகன்கிட்ட நீங்க சொல்லிடுங்க" என்றார். அன்றே மகனுக்குப் போன் செய்தேன். சற்று நேரம் அவரால் பேச முடியவில்லை. பிறகு, "கண்டிப்பா சாமி. இதை அம்மா எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார்.

நாம்தான் கேட்கவில்லை. இந்த வாரம் கேட்போம். யாக்கோபோடு வழிநடந்த ஆண்டவர் நம் பெற்றோரோடும் நடப்பாராக. ஆமென்.