புகை ஏன் திரும்பி வந்தது?



எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான். அப்பா ஊட்டியில் ஒரு பழைய பங்களாவின் காவலாளி. அங்கே ஹாலில் விறகு எரித்துக் குளிர்காயும் கணப்பு உண்டு. ‘பயர் பிளேஸ்’ என்றுதான் சொல்வோம். போன டிசம்பரில் சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். குளிர் வராமலிருக்க ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டையும் ஒட்டினார்கள். அன்று ராத்திரி கணப்பு மூட்டியதும் ஹால் முழுக்கப் புகை!

“என்னய்யா, புகைபோக்கியக் கூட்டவே இல்லியா? ஈர விறகப் போட்டியா?” என்று முதலாளி சத்தம் போட்டார். அப்பா தலைகுனிந்து நின்றார். முந்தின வாரம்தான் நாங்கள் இருவரும் கூரை ஏறிக் கரி சுரண்டியிருந்தோம். விறகும் நன்றாகக் காய்ந்த விறகு.

அப்படியானால் தப்பு எங்கே?

சூடான புகை லேசானது. வெளிக்காற்று குளிர்ந்து கனமானது. இந்த எடை வித்தியாசம்தான் புகையை மேலே தள்ளுகிறது. இதற்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். புகைபோக்கி உயரம் 5 மீட்டர், உள்ளே 150 டிகிரி, வெளியே 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கடல் மட்டத்தில் சுமார் 20 பாஸ்கல் வந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு; 15 பாஸ்கல்தான் தேறும். நம் லேப் மானோமீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீர்! அதன் பலமே அவ்வளவுதான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தே தீரவேண்டும். இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை புகைபோக்கிதான். அதன் வழியே வெளிக்காற்று இறங்குகிறது, புகையையும் கூட்டிக்கொண்டு.

மூட்டும்போது புகை வந்தால் கண் எரியும், தெரிந்துவிடும். அணையும்போதுதான் ஆபத்து. தணல் மட்டும் கிடக்கையில் புகைபோக்கிக்குள் 40 டிகிரி என்றால், இழுவை 5 பாஸ்கல்கூட இல்லை. ஃபேன் சுலபமாக ஜெயித்துவிடும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. புகைபோக்கி எதிர்த்திசையில் ஓடினால் கணப்பும் அந்தக் கரி அடுப்பும் ஒன்றுதான்.

ஆகவே நண்பர்களே:

1. கணப்பு எரியும்போதும், தணல் முழுதும் ஆறும்வரையும் ஃபேன் போடாதீர்கள்.

2. ஒரு ஜன்னலையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள்.

3. மூட்டுமுன் காகிதம் கொளுத்திப் புகைபோக்கியைச் சூடாக்குங்கள்.

4. தணலை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

மறுநாள் காலை முதலாளி எதிரில், அப்பா கணப்பின் வாயருகே ஊதுபத்தி பிடித்தார். நான் ஃபேன் சுவிட்சைப் போட்டேன். புகை ஹாலுக்குள் சாய்ந்தது. நிறுத்தி, ஜன்னலைத் திறந்தேன்; மேலே போனது. முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “அந்த ரப்பர் பட்டையப் பிச்சுருங்க” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார்: “இதெல்லாம் உங்க காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா தம்பி?”

“ஆமாங்கப்பா” என்றேன்.