பட்டியலிடம் வினவுதல்

ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியல் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். பட்டியல் பதிவெண் முறையில் அமைந்திருக்கிறது. தேர்ச்சி பெற்றவர்களைப் பிரித்தெடு. மதிப்பெண்ணின் இறங்கு வரிசையில் அவர்களை நிறுத்து. முதற் பத்துப் பேரைக் கொள். அவர்களுடைய பெயர்களை மட்டும் சொல். அனுபவமுள்ள எழுத்தரிடம் இவ்வளவு கூறினால் போதும். கணிப்பொறியிடமும் ஏறத்தாழ இவ்வாறே கூற வழியுண்டு. அவ்வழியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நெடுங்காலம் வேலையை எப்படிச் செய்வது என்பதை அடியடியாக எழுதித் தந்தால்தான் கணிப்பொறி இயங்கும் என்ற நிலை இருந்தது. முதற் பெயரை எடு, மதிப்பெண்ணைப் பார், அடுத்ததற்குச் செல் என்று எழுதவேண்டும். வேண்டுவது இன்னது என்று மட்டும் சொல்லும் முறைக்கு அடிகோலியவர்களுள் தலையாயவர் ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் காட். தரவுகளை அட்டவணைகளாகக் கருதும் தம் கோட்பாட்டை அவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் வழியில் எஸ்.கியூ.எல். என்னும் வினாமொழி பிறந்தது. 2007ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் சி ஷார்ப் மொழிக்குள்ளேயே இத்தகைய வினாக்களை எழுத இடந்தந்து, அந்த ஏற்பாட்டிற்கு லிங்க் என்று பெயரிட்டது. சி ஷார்ப் மொழியின் தலைமை வடிவமைப்பாளரான ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் டைப்ஸ்கிரிப்ட் மொழியின் உருவாக்கத்திலும் முதன்மையானவர். அம்மொழி 2012இல் வெளிவந்தது. ஆகவே, லிங்க் முறையைப் பின்பற்றும் நூலகங்கள் டைப்ஸ்கிரிப்டிலும் எழுந்தமை வியப்பன்று. நூலகம் என்று இங்கே கூறுவது, பிறர் எழுதிவைத்து நாம் எடுத்தாளும் கட்டளைத் தொகுப்பையே.

இவ்வகை எழுத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 2005ஆம் ஆண்டில் தோன்றியது. தடையின்றி ஒழுகுவது என்பது அதன் பொருள். நன்னூல் பயின்றவர்களுக்கு ஆற்றொழுக்கு என்ற சொல் உடனே நினைவிற்கு வரும். எனக்கு அச்சொல்லே பொருத்தமாகப் படுகிறது. இதன் நுட்பம் மிக எளியது. ஒவ்வொரு கட்டளையும் தன் வேலை முடிந்ததும் மற்றொரு பட்டியலையே திருப்பித் தருகிறது. அப்பட்டியலிடம் அடுத்த வினாவைத் தொடுக்கலாம். தேர்ச்சி, வரிசை, பத்து, பெயர் என்று நான்கு வினாக்களும் ஒரே வாக்கியம்போல் தொடர்ந்து நிற்கும். பத்தை முதலிலும் வரிசையைப் பின்னரும் வைத்தாலோ, பதிவேட்டில் தேர்ச்சி பெற்றோருள் முதற் பத்துப் பேர்தாம் மதிப்பெண் முறையில் நிற்பார்கள். சொற்கள் அவையே, விடை வேறு.

லிங்க் முறையில் வினாவை எழுதிய அளவில் எதுவும் நிகழ்வதில்லை. விடையை நாம் கேட்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. லோடாஷ் என்னும் புகழ்பெற்ற நூலகத்தின் தொடர்களிலும் இறுதியில் விடையைத் தருமாறு ஒரு சொல் சேர்ப்பதுண்டு. ஆயிரம் பேருள்ள பட்டியலில் தேர்ச்சி பெற்ற எவரேனும் பத்துப் பேர் போதுமென்றால், பத்தாமவர் கிடைத்ததும் வேலையை நிறுத்திவிடலாம். இடையே இறங்கு வரிசை வேண்டுமென்றால் அச்சலுகை இல்லை. கடைசிப் பெயரைப் பாராமல் முதல்வர் யாரென்று எவராலும் சொல்லவியலாது. வினாவை எழுதியதற்கும் விடை கேட்டதற்கும் இடையே பட்டியல் திருத்தப்பட்டிருந்தால், திருத்திய பட்டியலிலிருந்தே விடை வரும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

நூலகம் இன்றியும் இதைச் செய்யலாமே என்று கேட்கலாம். டைப்ஸ்கிரிப்டுக்கு அடிநிலையான ஜாவாஸ்கிரிப்டில் பிரித்தெடுத்தலும் மாற்றியமைத்தலும் 2009ஆம் ஆண்டின் தர வரையறையிலேயே உள்ளன. சிறு வேலைக்கு அவை போதும். ஆயினும் அம்மொழியின் வரிசைப்படுத்தும் கட்டளையில் ஒரு பொறி இருக்கிறது. ஒப்பிடும் முறையை நாம் சொல்லாவிட்டால், அது எண்களையும் எழுத்துகளாகவே கருதி அடுக்கும். 95, 100, 98 என்ற மூன்றையும் கொடுத்தால், 100, 95, 98 என்று நிறுத்தும். ஒன்று என்ற இலக்கம் ஒன்பதிற்கு முந்தியதன்றோ! அதைத் தலைகீழாக்கினால், முழு மதிப்பெண் பெற்ற பிள்ளை கடைசிக்குப் போய்விடும். முதற் பத்துப் பேருக்கே உதவித்தொகை என்றால் அப்பிள்ளையின் பெயர் அறிவிப்பில் இராது. டைப்ஸ்கிரிப்டும் இதைக் கண்டு எச்சரிப்பதில்லை. மேலும், அக்கட்டளை மூலப் பட்டியலையே கலைத்து அடுக்குகிறது. பதிவெண் முறை போய்விடும். மூலத்தைத் தொடாமல் புதுப் பட்டியல் தரும் கட்டளை 2023ஆம் ஆண்டின் தரத்தில்தான் சேர்ந்தது.

நல்ல வினா நூலகம் எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்று நம்மைக் கேட்கிறது, மதிப்பெண் என்று சொன்னால் எண்ணை எண்ணாகவே ஒப்பிடுகிறது, மூலத்தைக் கலைப்பதில்லை. மதிப்பெண் என்பதைப் பிழையாக எழுதினால், நிரல் ஓடுமுன்னரே டைப்ஸ்கிரிப்ட் சுட்டிக்காட்டும். ஆனால் அக்காவல் எழுதும் வேளைக்கு மட்டுமே உரியது. ஓடும் வேளையில் வகைக் குறிப்புகள் யாவும் நீங்கிவிடும். வெளியிலிருந்து வரும் பட்டியலில் 100 உட்பட எல்லா மதிப்பெண்களும் மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரங்களாக வந்து, நாம் அவற்றை எண் என்று அறிவித்திருந்தால், நம் சொல்லை மொழி அப்படியே நம்பிவிடும். அப்போது நூலகமும் எழுத்தாகவே ஒப்பிடும். அந்தப் பிள்ளை மீண்டும் அடியில் போய் நிற்பான். ஆதலால் தரவு உள்ளே நுழையும் வாயிலிலேயே ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எண்ணாக மாற்றி, எண்ணாக மாறாததைப் பிரித்து வைத்துவிட்டு, அதன் பிறகே வினாவைத் தொடங்கவேண்டும்.