330 கிலோமீட்டர் தூரம், 1,500 கிலோமீட்டர் வழி

கொல்கத்தாவுக்கும் திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலையில் போகிற தூரம்தான். ஆனால் கொல்கத்தாவில் ரயில் ஏறுகிறவர் 1,500 கிலோமீட்டருக்கும் மேல் சுற்றி, ஏறக்குறைய ஒன்றரை நாள் கழித்துத்தான் அகர்தலாவில் இறங்க முடியும்.

330 என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். கொல்கத்தாவைவிட அகர்தலா 1.26 பாகை வடக்கே, 2.9 பாகை கிழக்கே இருக்கிறது. அட்சரேகையில் ஒரு பாகை 111 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், கிழக்கு மேற்காக ஒரு பாகை இங்கே 102 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆக, வடக்கே 140, கிழக்கே 300. மீதியைப் பித்தாகரஸ் பார்த்துக்கொள்வார். இன்னும் நெடுந்தூரம் என்றால் பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். அங்கே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்தான்.

சாலைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் ஒரு வழி எவ்வளவு சுற்று என்பது தெரியும். சென்னை–மதுரைக்கு இது சுமார் 1.1. கொல்கத்தா–அகர்தலாவுக்கோ கிட்டத்தட்ட 5! மலையும் ஆறும் மட்டும் இவ்வளவு சுற்ற வைப்பதில்லை. 1947இல் வங்கத்தின் குறுக்கே போடப்பட்ட எல்லைக்கோடு திரிபுராவை மூன்று பக்கமும் அடைத்துவிட்டது. அதற்கு முன், அகர்தலாவுக்குப் பக்கத்திலுள்ள அகௌராவில் ரயில் ஏறி, சாந்த்பூரில் நீராவிக் கப்பலுக்கு மாறி, கோலுண்டோவில் மறுபடி ரயில் பிடித்துக் கொல்கத்தா போனார்கள். இன்று வடக்கே சிலிகுரி வரை ஏறி, குறுகிய இடத்தில் 20 கிலோமீட்டரை ஒட்டிய அகலமே உள்ள நிலத்துண்டைக் கடந்து, அசாம் முழுக்கச் சுற்றித் தெற்கே இறங்க வேண்டும். வழியில் திமா ஹசாவ் மலைகள். 2022 மே மாதம் அங்கே மண்சரிந்து தண்டவாளமே புதைந்தபோது, திரிபுராவுக்கான ரயில் வழி முழுதும் நின்றுபோனது.

விமானமோ வங்கதேசத்தின் மேலாகவே பறந்து ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்துக்கு 25 நிமிடம்தானே ஆக வேண்டும் என்று தோன்றலாம். இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் அந்த வேகத்தை எட்டியதுமே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, வரிசையில் காத்திருந்து தரையிறங்குவது என்றே பெரும்பகுதி நேரம் கழிகிறது. விமானநிலையத்தில் காத்திருப்பதையும் கூட்டினால் அரை நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் கட்டணம் கொடுக்க முடிந்தவருக்கு அரை நாள், முடியாதவருக்கு ஒன்றரை நாள் என்ற நிலை எனக்கு நியாயமாகப் படவில்லை. சிகிச்சைக்கும் படிப்புக்கும் கொல்கத்தா போகிறவர்களில் இரு வகையினரும் இருக்கிறார்கள்.

டாக்கா வழியாகப் போனால் தரைவழித் தூரம் 500 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். 2015இல் அந்த வழியில் பேருந்து விடப்பட்டது. 2022இல் பத்மா ஆற்றின் குறுக்கே 6 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்தது. 2023 நவம்பரில் அகர்தலா–அகௌரா ரயில் இணைப்பும் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் வெறும் 12 கிலோமீட்டர். எல்லைச் சோதனைக்குச் சில மணி நேரம் போனாலும் ஒன்றரை நாள் பயணம் பாதிக்கும் கீழே குறையும். பயணிகள் அந்தத் தண்டவாளத்தில் கொல்கத்தா வரை போய்வர, இரு அரசுகளும் மனம் வைக்க வேண்டும்.